மீன்தொட்டிக் கம்பெனியின் இரண்டு டைரக்டர்கள்

மீனம்மா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட முயன்ற இந்த நாட்டுக்காரர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். பல் டாக்டர் கிளினிக், வக்கீல் ஆபீஸ், முதியோர் இல்லம், ஓட்டல் வரவேற்பறை என்று கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிற இடங்களுக்கெல்லாம் போய், அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவளுக்குத் தொழில். கணவனுடைய நண்பர்கள் கேலியாக ஆரம்பித்து வைத்த பெயர் அது. கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கல்யாணமான கையோடு கணவன் பின்னால் விமானம் ஏறி வந்தவள். அவன் இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் பாய்லர் அறையைக் கவனித்துக்கொள்கிறவன். வந்த புதிதில் அவளுக்கு வேலையும் இல்லை, பாஷையும் இல்லை. சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். அதில் எத்தனை விரிசல் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் கடைவாய்ப்பல் வலி தாங்காமல் பல் டாக்டரிடம் போனாள். காத்திருக்கிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன்தொட்டி. அதன் பக்கத்தில் ஏணி போட்டு, தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு ஒரு பெரியவர். தொட்டித் தண்ணீரை இறக்குகிற குழாயின் மறுமுனை வாளியிலிருந்து நழுவித் தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்களே தவிர, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இவள் எழுந்து போய்க் குழாயைப் பிடித்து வாளிக்குள் விட்டு, வாளி நிறையும் வரை அப்படியே நின்றாள். ஒரு பக்கக் கன்னம் பூசணி போல வீங்கியிருந்தது. பெரியவர் ஏணியிலிருந்து இறங்கி அவளை மேலும் கீழும் பார்த்து, "வேலை வேணுமா?" என்று கேட்டார். பல்லைப் பிடுங்கப் போனவள் வேலையோடு வீட்டுக்கு வந்தாள் என்று கணவன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரைச்சல் இல்லாத வேலை. கண்ணாடியில் படிந்த பாசியைத் தேய்த்து எடுக்க வேண்டும். அடியில் கிடக்கும் கூழாங்கற்களுக்குள் குழாயைச் செருகி, கல்லை விட்டுவிட்டு அழுக்கை மட்டும் உறிஞ்ச வேண்டும். தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடக் கூடாது, கொஞ்சம்தான் மாற்ற வேண்டும். வடிகட்டியில் இருக்கிற பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். சுத்தமாக இருக்கட்டுமே என்று குழாயடியில் காட்டினால், அதில் குடியிருக்கிற நல்ல கிருமிகள் செத்து, பின்னாலேயே மீனும் சாகும். கையில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது என்பதற்காக, வேலைக்குக் கிளம்பும் காலைகளில் வெறும் தண்ணீரில்தான் கை கழுவுவாள். "என் சட்டைக்குக்கூட இவ்வளவு பார்க்க மாட்டியே" என்பான் கணவன்.

இப்படியே வருஷங்கள் போயின. மகள் பிறந்து வளர்ந்து வேறு ஊருக்குப் படிக்கப் போனாள். முதலாளிக்கு முட்டி தேய்ந்தது. ஏணி ஏற முடியாமல், தன் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்தார்.

"வாடிக்கைக்காரங்க எல்லார்கிட்டயும் பேசிட்டேன். நீ தொடர்ந்து வந்தா அவங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா கம்பெனிய மூடிட்டேன்மா. என் பேர்ல இனிமே பில் போட முடியாது," என்றார். ஏணி, குழாய்கள், வாளிகள் எல்லாவற்றையும் அவளிடமே விட்டுவிட்டுப் போனார்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல அடுத்த நாள் பல் கிளினிக்குக்குப் போனாள். அங்கே கணக்குப் பார்க்கிறவர் அவளைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீங்கதான் வரணும். வேற யாராவது கையை விட்டா இந்த மீனுங்க பாறைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குது. ஆனா தனி ஆளுக்குப் பணம் குடுக்க எங்களுக்கு அனுமதி இல்ல. ஒரு கம்பெனி வேணும். அந்தக் கம்பெனி பேர்ல பேங்க் கணக்கு வேணும்."

வக்கீல் ஆபீசிலும் அதே பேச்சு. முதியோர் இல்லத்திலும் அதே பேச்சு.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். "கம்பெனியாம். அதுவும் அடுத்தவங்க நாட்டுல. நான் எங்க, கம்பெனி எங்க?"

"ஏன், கம்பெனி வெச்சிருக்கவங்க எல்லாம் கொம்போடவா பொறந்தாங்க?" என்றவன், கம்ப்யூட்டரைத் திறந்து அரசாங்கப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தான். படிக்கப் படிக்க முகம் மாறியது. "வெளிநாட்டுக்காரங்க கம்பெனி ஆரம்பிச்சா, இங்கயே குடியிருக்கற ரெண்டு பேர் டைரக்டரா இருக்கணுமாம்."

"அப்ப நீங்களும் நானும்."

"நான் கவர்மென்ட் சம்பளம் வாங்கறவன்மா. என் பேர்ல கம்பெனி இருக்குன்னு தெரிஞ்சா, பாய்லர அணைச்சுட்டு வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க."

அடுத்த பெயர் இரண்டு பேருக்கும் தெரியும். யார் வாயிலிருந்து முதலில் வரும் என்பதுதான் பாக்கி.

"குட்டி இருக்காளே," என்றான் கணவன், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

குட்டி அவனுடைய தங்கை. நாற்பதைத் தாண்டியவள், வாட்டசாட்டமானவள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டில் கேட்கும். என்றாலும் வீட்டில் அவள் குட்டிதான். இதே ஊரில் விமான நிலையத்தில் பெட்டி எடை போடுகிற கவுன்டரில் வேலை. எந்த நாட்டுக்காரர் வந்து எவ்வளவு கத்தினாலும் மசிய மாட்டாள். கவுன்டரில் அப்படி என்றால் குடும்பத்தில் கேட்கவா வேண்டும்?

மீனம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சின்ன முள் இருந்தது. குட்டி புது வீட்டுக்குக் குடிபோனபோது நாலு பேரைக் கூப்பிட்டு விருந்து வைத்தாள். வந்தவர்களில் ஒருத்தி, "உங்க அண்ணி என்ன வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டாள். குட்டி கையில் தட்டோடு போகிற போக்கில், "அண்ணியா? தொட்டி கழுவறாங்க," என்றாள். கேட்டவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மீனம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் விஷயமே. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்பதோடு இரண்டு பேருக்கும் பேச்சு முடிந்துவிடும். ஏன் என்று குட்டி கேட்டதும் இல்லை.

குட்டி வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதே எப்படிக் கேட்பது என்று மீனம்மா மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குட்டி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கழுத்தில் கட்டியிருந்த சீருடைத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி, ஒரு உதவி கேட்டு வந்தேன்," என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் மீனம்மா.

குட்டி வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருப்பது ஊரில் கரன்ட் போவது மாதிரி. எதிரே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

"நான் டைரக்டரா?" என்றாள் கடைசியில்.

"பேருக்குத்தான். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். கையெழுத்து போட்டா போதும்."

"அதென்ன அண்ணி பேருக்கு? டைரக்டர்னா டைரக்டர்தான்!"

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு டைரக்டர் ஜுரம். கம்பெனிக்குப் பெயரே வைக்கவில்லை, அதற்குள் விசிட்டிங் கார்டுக்கு ஒரு மாதிரி தயார் செய்து அனுப்பினாள். நீலத் தண்ணீரிலிருந்து ஒரு மீன் வாயைப் பிளந்துகொண்டு குதிக்கிறது. மீனம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது சுறா, குட்டி."

"சுறாவும் மீன்தானே அண்ணி?"

"பல் டாக்டர் கிளினிக்குல சுறாவையா வளர்க்கறாங்க?"

"பல்லுக்குப் பொருத்தமாத்தானே இருக்கு!"

மீனம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் போனை வைத்தாள்.

பெயர் வைக்கிற படலம் தனிக் கூத்து. நீலக் கடல் என்று எழுதிப் போட்டார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே நீச்சல் குளம் கட்டுகிற கம்பெனி இருக்கிறது என்று பதில் வந்தது. தங்கமீன் என்று போட்டால் அது நகைக்கடை. முத்து, பவளம், சங்கு, அலை என்று கடலில் இருக்கிற எதையும் யாரோ ஒருவர் முன்னாலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கணவன் அலுத்துப்போய், "உனக்கு என்ன வேணும்? தண்ணி தெளிவா இருக்கணும். அதையே வெச்சுத் தொலை," என்றான். அந்த நாட்டு மொழியில் 'தெளிந்த தண்ணீர்' என்று பொருள் வருகிற இரண்டு சொற்கள். அந்தப் பெயரில் யாருமே இல்லை. பதிவுச் சான்றிதழ் தபாலில் வந்தபோது மீனம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பக்கத்தில் தண்ணீர் டம்ளர்கூட வைக்க விடாமல் பார்த்துக்கொண்டாள்.

கம்பெனி வந்துவிட்டது. கணக்கு வரவில்லை. முதலில் போன பேங்கில், கம்பெனி புதுசு, கொஞ்ச காலம் நடத்திவிட்டு வாருங்கள் என்றார்கள். கணக்கு இல்லாமல் எப்படி நடத்துவது என்று கேட்டதற்குச் சிரித்த முகமாக வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். இரண்டாவது பேங்க் செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கிளை. அங்கே கம்பெனிக் கணக்குகளைப் பார்க்கிற அதிகாரி ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். மரியாதையாகப் பேசினாள். இரண்டு டைரக்டர்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதுதான் விதி என்றாள்.

முதல் குழப்பம் பெயரிலேயே வந்தது. மீனம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடத்தில் கணவன் பெயர். குட்டிக்கு அவளுடைய கணவன் பெயர். உள்ளேயிருந்து கணவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அவர் ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கிறார் என்று மீனம்மா ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரே குடும்பம் என்கிறீர்கள், ஆளுக்கொரு குடும்பப் பெயர் இருக்கிறதே என்று அதிகாரி அம்மாள் கேட்டாள். அது குடும்பப் பெயர் இல்லை, வீட்டுக்காரர் பெயர் என்று விளக்கினார்கள். "அப்போ உங்க வீட்டுக்காரருடைய குடும்பப் பெயர்?" என்று கேட்டாள். "எங்க மாமனார் பேர்." அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, மேலே போகலாம்," என்றாள்.

மீனம்மாவின் பேட்டி சீக்கிரமே முடிந்துவிட்டது. கம்பெனி என்ன செய்கிறது? மீன்தொட்டிகளைச் சுத்தம் செய்கிறது. எத்தனை பேர்? நான் ஒருத்திதான். ஆபீஸ் எங்கே? வீட்டில். அவ்வளவுதான்.

குட்டி உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் கை வானத்துக்கும் பூமிக்கும் பறந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது முகம் மினுங்கியது. "தூள் கிளப்பிட்டேன் அண்ணி," என்றாள்.

எதைக் கிளப்பினாள் என்பது அடுத்த வாரம் வந்த கடிதத்தில் தெரிந்தது. கணவன் உரக்கப் படித்தான். உயிருள்ள கடல்வாழ் பிராணிகளை இறக்குமதி செய்வதற்கான உரிமம் வேண்டும். நோய்த் தடுப்புக் கொட்டகையின் முகவரி வேண்டும். குளிர்பதனக் கிடங்கின் வாடகை ஒப்பந்தம் வேண்டும். எந்தெந்தத் துறைமுகம் வழியாகச் சரக்கு வருகிறது என்கிற விவரம் வேண்டும். இவையெல்லாம் வரும் வரை கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

கணவன் கடிதத்தைக் கீழே வைத்தான். "ஏம்மா, எனக்குத் தெரியாம கப்பல் ஏதாவது வாங்கியிருக்கியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி போனதிலிருந்து எல்லாத் தொட்டிகளுக்கும் வழக்கம்போலப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பேங்க் கணக்கு வருகிற வரைக்கும் மீன் காத்திருக்குமா? சம்பளம் இல்லாமல், பஸ் செலவும் மீன் மருந்துச் செலவும் கைக்காசில். அதுகூடப் பரவாயில்லை. இந்த மாதக் கடைசிக்குள் கணக்கு வராவிட்டால் வேறு கம்பெனியைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று பல் கிளினிக்கில் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

குட்டிக்குப் போன் போட்டாள்.

"பேங்க்ல என்ன சொன்ன?"

"ஏன் அண்ணி? நாலஞ்சு நாட்டுலேருந்து மீன் வருது, ஊர் பூரா சப்ளைன்னு சொன்னேன். பெரிசா சொன்னாத்தானே மதிப்பாங்க? அதவிட்டுட்டு, சும்மா தொட்டி..." என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அந்தச் சொல் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. கத்தலாமா என்று மீனம்மாவுக்குத் தோன்றியது. கத்திப் பழக்கமில்லை.

"நாளைக்கு உனக்கு லீவுதானே?"

"ஆமா அண்ணி."

"காலையில வா. பழைய துணியா போட்டுக்கிட்டு வா. நகத்த வெட்டிட்டு வா."

குட்டி நகத்தை வெட்டிக்கொண்டு வந்தாள். வரும்போதே அரை ஆளாகத்தான் வந்தாள். முதலில் முதியோர் இல்லம். மூன்றாவது மாடிக் கூடத்தில், சோபாக்களுக்கும் சக்கர நாற்காலிகளுக்கும் நடுவே நீளமான தொட்டி. வாளிகளை லிஃப்டில் ஏற்றி இறக்குவதற்குள்ளேயே குட்டிக்கு மூச்சு வாங்கியது. குழாயில் தண்ணீரை எப்படி வரவழைப்பது என்று மீனம்மா சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் தானாகவே வாயை வைத்து உறிஞ்சி, வாய் நிறையத் தொட்டித் தண்ணீரை வாங்கிக்கொண்டுவிட்டாள். துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல், கண் பிதுங்க அண்ணியைப் பார்த்தாள்.

"வாளியில துப்பு," என்றாள் மீனம்மா. "எல்லாருக்கும் மொத நாள் இதுதான். எனக்கும் இதுதான்."

தொட்டிக்கு எதிரே ஒரு தாத்தா எப்போதும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாரோடும் பேச மாட்டார் என்று இல்லத்தில் சொல்வார்கள். அவர் குட்டியைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். பிறகு மூலையில் செடிக்குக் கீழே சாய்ந்து கிடந்த ஒரு வரிமீனைக் காட்டி, தூங்குவது போலத் தலையைச் சாய்த்துக் காட்டினார். குட்டி அப்படியே குரலை அடக்கிக்கொண்டாள். ஏர்போர்ட்டில் அவளை அடக்க ஆள் இல்லை. இங்கே ஒரு மீனின் தூக்கம் அடக்கிவிட்டது.

மீனம்மா கையைத் தண்ணீருக்குள் விட்டாள். தொட்டியின் எல்லா மூலைகளிலிருந்தும் மீன்கள் வந்தன. விரலுக்கு விரல் நின்று நகக்கண்ணைக் கொறித்தன. அவள் அதைக் கவனிக்காதவள் போலக் கூழாங்கல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். குட்டி கண் கொட்டாமல் பார்த்தாள்.

"கடிக்குமா அண்ணி?"

"கடிக்காது. கைய விட்டு ஆட்டாம வெச்சிரு. அதுங்களா வரும்."

குட்டி ஏணியில் ஏறிக் கையை விட்டாள். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. கை மரத்துப்போகும் நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி மீன் தயங்கித் தயங்கி வந்து, அவள் கட்டைவிரலைத் தொட்டுவிட்டு ஓடியது. திரும்பி வந்தது. நின்றது. அண்ணி என்று கூப்பிட வாயெடுத்தவள், தாத்தாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் இல்லத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் ரொட்டி சாப்பிட்டார்கள். குட்டியின் விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு இருக்குன்னு நீங்க சொன்னதே இல்லியே அண்ணி."

"நீ கேட்டதே இல்லியே."

கோபமாகச் சொல்லவில்லை. குட்டியும் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அண்ணியிடம் நீட்டினாள். பிறகு பல் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே வடிகட்டிப் பஞ்சைக் குட்டி தொட்டித் தண்ணீரிலேயே அலசினாள். ஏன் என்று கேட்ட வரவேற்புப் பெண்ணுக்கு, நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று கால் மணி நேரம் வகுப்பே எடுத்துவிட்டாள். காலையில் கற்றுக்கொண்டது, மத்தியானமே விற்பனைக்கு வந்துவிட்டது.

மறுபடியும் பேங்க். இந்தத் தடவை அதிகாரி அம்மாள் இரண்டு பேரையும் சேர்த்தே உட்கார வைத்தாள். எதிரே குட்டி போன தடவை சொன்னதெல்லாம் அச்சடித்துக் கிடந்தது.

"இதுல நாலு நாட்டுலேருந்து இறக்குமதின்னு இருக்கு," என்றாள்.

"இல்லீங்க. நாங்க மீனே விற்கறதில்ல," என்றாள் குட்டி. "மீன் அவங்களோடது, தொட்டி அவங்களோடது. தண்ணிய மட்டும் நாங்க பார்த்துக்கறோம்." பாசியிலிருந்து ஆரம்பித்துக் கூழாங்கல் வழியாகப் பஞ்சு வரை சொன்னாள். இந்தத் தடவை கை பறக்கவில்லை. நடுவில் ஒன்றை மறந்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். மீனம்மா எடுத்துக் கொடுத்தாள்.

அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "இது நல்ல வேலைதானே. அப்போ போன தடவை ஏன் அப்படிச் சொன்னீங்க?"

குட்டி மேசையைப் பார்த்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறவள் இதற்கு என்ன சொல்லப் போகிறாள் என்று மீனம்மாவுக்கே தெரியவில்லை.

"ஒரு தடவை நாலு பேர் முன்னாடி இவங்க வேலைய ரொம்ப சின்னதாச் சொல்லிட்டேன்," என்றாள் குட்டி. அந்த நாட்டு மொழியில்தான் சொன்னாள், அதிகாரி அம்மாளைப் பார்த்துத்தான் சொன்னாள். "இவங்க முகம் மாறினதப் பார்த்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சரி பண்றதுன்னு தெரியல. உங்ககிட்ட வந்தப்ப, இங்கயாவது பெரிசாச் சொல்லணும்னு தோணிச்சு. கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு."

"கொஞ்சம்?" என்றாள் அதிகாரி அம்மாள். நாலு நாடும் ஒரு கிடங்கும் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

இத்தனை நாளும் குட்டிக்கு அது நினைவிலேயே இல்லை என்றுதான் மீனம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். கைப்பையில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். பையில் ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை.

அதற்காக அதிகாரி அம்மாள் உடனே கணக்கைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. இரண்டு வாடிக்கைக்காரர்களிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னாள். பல் கிளினிக்கில் அன்றைக்கே கொடுத்தார்கள். முதியோர் இல்லத்து மேலாளர் எழுதிய கடிதத்தில், இந்த அம்மாள் வருகிற நாளில் எங்கள் கூடத்தில் சண்டை நடப்பதில்லை என்று ஒரு வரி இருந்தது. பேங்குக்கு அது தேவையா என்று கணவன் கேட்டான். இருக்கட்டும் என்று அதையும் சேர்த்தே கொடுத்தாள். காகிதமெல்லாம் தலைமை ஆபீசுக்குப் போய், அங்கே யாரோ ஒருவர் இறக்குமதி என்றிருந்ததை அடித்துப் பராமரிப்பு என்று மாற்றி, மாதக் கடைசிக்குள் கணக்கு வந்துவிட்டது. 'தெளிந்த தண்ணீர்' என்று பெயர் பொறித்த பேங்க் அட்டை வந்தபோது, மீனம்மா அதைக் கணவனிடம் காட்டினாள். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு குட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

குட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சுறா போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள்.

"போடி," என்றாள் மீனம்மா. அந்த வீட்டில் அவள் அப்படி உரிமையோடு பேசி வெகு காலம் ஆகியிருந்தது. குட்டி உள்ளே போய்க் காபி கலக்க ஆரம்பித்தாள். அடுக்களையிலிருந்தே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இவளும் இங்கிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது கம்பெனி நன்றாகவே நடக்கிறது. பெரிய கம்பெனி இல்லை. ஏணி புதிது, வாளிகள் பழையவைதான். வாரத்தில் லீவு கிடைக்கிற நாளில் குட்டி வந்துவிடுகிறாள். கையைத் தண்ணீரில் விடுவதைவிட ஆட்களோடு பேசுவதில்தான் அவளுக்குச் சாமர்த்தியம். அதை இரண்டு பேரும் புரிந்துகொண்டுவிட்டார்கள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது மீனம்மா தொட்டியைப் பார்த்துக்கொள்கிறாள்.

போன வாரம் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் கூப்பிட்டிருந்தார். கடை சின்னது, மூன்றே நாற்காலி. கண்ணாடிக்கு எதிரே ஒரு தொட்டி வைத்தால் வருகிறவர்கள் தலையை ஆட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா என்பது அவர் கணக்கு. குட்டி உடனே நல்ல யோசனை என்று ஒப்புக்கொண்டு, எந்த நிறத்தில் மீன் விடலாம் என்று அவரோடு விவாதத்தில் இறங்கிவிட்டாள். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று மீனம்மா வாசலில் நின்று பார்த்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். தரை மட்டமாக இருக்கிறதா என்று ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தாள். உள்ளே வாக்குவாதம் பலமாக நடந்துகொண்டிருந்தது. கடைக்காரருக்குச் சிவப்பு வேண்டும், குட்டிக்கு நீலம். முடி பாதி வெட்டிய நிலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர், துணிக்கு வெளியே கையை நீட்டி மஞ்சளுக்கு ஓட்டுப் போட்டார்.

கோப்பைத் தண்ணீர் ஒரு பக்கமும் சாயவில்லை. இந்த இடம் சரியாக வரும் என்று மீனம்மா முடிவு செய்தாள். சண்டை ஓயட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏணியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.